எலி மூளைக்குள் மடை எண்ணுகிறார்கள்!

ஆய்வுக் கட்டுரை எது கையில் கிடைத்தாலும் நான் நேரே போய் விழுவது ‘செய்முறை’ பகுதியில்தான். முன்னுரை இருக்கட்டும், முடிவுரை இருக்கட்டும். எத்தனை எலி, என்ன ஊசி, கிலோவுக்கு எவ்வளவு மருந்து, எந்தக் குளிரில் அரைத்தார்கள், எந்த இயந்திரத்தில் எண்ணினார்கள் என்று ஆய்வுக்கூடத்தின் பின்கட்டு முழுக்க அங்கேதான் திறந்து கிடக்கிறது. பலரும் புரட்டிவிட்டுப் போகிற அந்தப் பக்கங்களுக்குள் உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாமல் இன்றைக்கு விடுவதாக இல்லை!

இப்போது என் மேசையில் கிடப்பது வலிப்பு வந்த எலிகளின் மூளையைப் பற்றிய கட்டுரைகள். ரொம்ப தூரத்து எலிகளும் இல்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், அம்பாசமுத்திரம், தென்காசி, செங்கோட்டை தாண்டி, மலையைக் கடந்து புனலூரைத் தொட்டு, காலையில் களமசேரி வழியாக வண்டி போகும். அந்தக் களமசேரியில் இருக்கிறது கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அங்கே உயிரித் தொழில்நுட்பத் துறையில் பேராசிரியர் சி. எஸ். பவுலோஸ் குழுவினர் 2008-லிருந்து 2012 வரை அடுத்தடுத்துக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். வலிப்பு திரும்பத் திரும்ப வந்த எலியின் மூளையில் ஏற்பிகளின் எண்ணிக்கை என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. அந்த மாற்றத்தைத் திருப்ப அவர்கள் எலிக்குக் கொடுத்துப் பார்த்த செடி எது தெரியுமா? நீர்ப்பிரமி! தாமிரபரணிப் பாசனத்து வரப்புகளிலும் கால்வாய்க் கரைச் சேற்றிலும் தடித்த குட்டி இலையோடு படர்ந்து, வெள்ளையும் இளஊதாவுமாகப் பூத்துக் கிடக்குமே, அதே கசப்புச் செடி.

முதலில் ஏற்பி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கன்னடியன் கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ மடையைப் பார்த்திருப்பீர்கள். மடை திறந்தால்தான் வயலுக்குத் தண்ணீர். மூளை செல்லின் தோலிலும் இப்படிப் புரத மடைகள் கோடிக்கணக்கில் பதிந்திருக்கின்றன. பக்கத்துச் செல் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கும். அது இந்த மடையில் வந்து பொருந்தியதும் மடை திறக்கும், மின்னூட்டம் கொண்ட அயனிகள் உள்ளே பாயும். குளுட்டமேட் வந்து திறக்கிற மடைகள் செல்லைத் தூண்டிவிடும். அவற்றில் ஒரு வகைதான் என்எம்டிஏ ஏற்பி. காபா என்ற பொருள் வந்து திறக்கிற மடை வழியாகக் குளோரைடு பாயும், செல் அமைதியாகும். ஒரு பக்கம் தூண்டல், ஒரு பக்கம் அமர்த்தல். இந்தச் சமநிலை குலைந்து ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து துடித்தால் அதுதான் வலிப்பு. செரோட்டோனின் என்ற இன்னொரு வேதிப்பொருளுக்கான ஏற்பிகளில் பெரும்பாலானவை தாமே திறந்து வழிவிடுபவை அல்ல, செல்லுக்குள் செய்தி அனுப்புபவை. அவற்றையும் சேர்த்துத்தான் களமசேரியில் எண்ணினார்கள்.

இந்தத் துறையின் கதை 1967-இல், கனடாவில் கிரஹாம் காடர்ட் என்ற உளவியலாளரிடம் தொடங்குகிறது. கதையைக் கேட்டால் சிலிர்க்கும். எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைப் பதித்து, தினம் ஒரு முறை மிகக் குறைந்த மின்சாரம் கொடுத்தார்கள். முதல் சில நாள் ஒன்றுமே நடக்கவில்லை. அதே அளவு மின்சாரம், அதே எலி, அதே கம்பி. நாள் போகப் போக முகம் துடிக்கிறது, தலை ஆடுகிறது, கடைசியில் முழு வலிப்பு! இன்னும் ஆச்சரியம் பாக்கி இருக்கிறது. வாரக்கணக்கில் மின்சாரமே கொடுக்காமல் விட்டுவிட்டு மறுபடி அதே சிறிய அளவைக் கொடுத்தால் உடனே வலிப்பு வந்தது. மூளை மறக்கவில்லை. 1969-இல் காடர்டும் அவருடன் வேலை செய்தவர்களும் எழுதிய கட்டுரை, இதை மூளைச் செயல்பாட்டில் நிகழ்ந்த நிரந்தர மாற்றம் என்றே தலைப்பில் சொன்னது. அப்படியானால் அந்த நிரந்தரம் மூளையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? ஏற்பிகளை எண்ணுகிறவர்கள் அன்றிலிருந்து துரத்திக்கொண்டிருப்பது அதைத்தான்.

வாருங்கள், எலி அறைக்குள் போவோம். விளக்கு 12 மணி நேரம் எரியும், 12 மணி நேரம் அணைந்திருக்கும். இருப்பவை வெள்ளை விஸ்டார் எலிகள். 1906-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள விஸ்டார் நிறுவனத்தில் உருவாக்கிய வம்சம். உள்ளே வரும் முன்பே ஒரு குழு இந்தச் சோதனைக்கு அனுமதி தந்திருக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1998-இல் வந்த விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. எத்தனை எலி வேண்டும், ஏன் அத்தனை, அதற்குக் குறைவாக முடியாதா என்று அந்தக் குழு கேட்கும். இந்தக் கேள்வியை நான் மனதார மதிக்கிறேன். இங்கே நடப்பது விளையாட்டல்ல, எலி படுகிற பாடு உண்மையானது.

ஊசியில் இருப்பது பைலோகார்பின். இது பிரேசில் நாட்டு ஜபொராண்டி செடியிலிருந்து கிடைத்த பொருள். கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தாகப் பல தலைமுறையாகப் பயன்பட்டது! ஒரு சொட்டில் கண்ணுக்கு மருந்தாக இருப்பது, அதிக அளவில் எலியின் உடம்புக்குள் போனால் மூளையின் மஸ்கரினிக் என்ற வகை ஏற்பிகளைத் தட்டி எழுப்பி நீண்ட வலிப்பைக் கிளப்பிவிடும். 1983-இல் போலந்தின் டர்ஸ்கி, பிரேசிலின் கவல்ஹெய்ரோ ஆகியோர் இந்த வழியை எழுதி வைத்தார்கள். களமசேரியில் கொடுத்த அளவு கிலோவுக்கு 350 மில்லிகிராம். அரை மணி நேரம் முன்னாலேயே அட்ரோபின் போட்டுவிடுவார்கள், உடம்பின் மற்ற பாகங்கள் அவதிப்படாமல் இருக்க.

பிறகு ஒருவர் கையில் தாளோடு உட்கார்ந்து எலியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கனடாவின் ரொனால்டு ரசீன் 1972-இல் வகுத்த அளவுகோல் இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. வாயும் முகமும் துடித்தால் 1. தலை ஆடினால் 2. முன்னங்கால் வெட்டினால் 3. பின்னங்காலில் எழுந்து நின்றால் 4. நின்று தடுமாறி விழுந்தால் 5. அவ்வளவுதான். கோடி ரூபாய் இயந்திரங்கள் வந்துவிட்ட பிறகும் இந்த ஐந்து வரிகள் அசையவில்லை, ஒரு மனிதக் கண் பொறுமையாகப் பார்த்து எண் போடுவதும் மாறவில்லை.

அப்புறம் வருவது எனக்கு மிகவும் பிடித்த கட்டம், அதாவது ஒன்றுமே நடக்காத கட்டம். வலிப்பு அடங்கியதும் எலி தேறி, தின்று, குடித்து, தூங்கி சாதாரணமாக இருக்கும். வெளியே அமைதி, உள்ளே பெரிய வேலை நடந்துகொண்டிருக்கிறது. களமசேரிக் குழு 24 நாள் கழித்து 72 மணி நேரம் விடாமல் வீடியோ எடுத்தது. யாரும் ஊசி போடவில்லை, யாரும் தொடவில்லை, எலிக்குத் தானாகவே வலிப்பு வருகிறது! இனி இது வலிப்பு நோயுள்ள எலி. அந்த அமைதியான நாட்களில் மூளை தன்னை மாற்றி எழுதிக்கொண்டுவிட்டது.

எப்படி மாற்றி எழுதியது என்று பார்க்க எலியைக் கொல்ல வேண்டியிருக்கிறது. ‘செய்முறை’ பகுதியில் இது ஒரே ஒரு வாக்கியமாக வரும். நான் ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியத்தில் கொஞ்சம் நிற்கிறேன். அதற்கு மேல் எல்லாம் பனிக்கட்டி மேல் நடக்கும். 1966-இல் குளோவின்ஸ்கியும் ஐவர்சனும் காட்டிய முறைப்படி மூளையைப் பகுதி பகுதியாகப் பிரிப்பார்கள். ஹிப்போகேம்பஸ் தனி, பெருமூளைப் புறணி தனி, சிறுமூளை தனி. ஹிப்போகேம்பஸ்தான் நினைவு உருவாகிற இடம், வலிப்பு கூடு கட்டுகிற இடமும் அதுதான். குளிர்ந்த கரைசலில் போட்டு அரைத்து, சுழற்சி இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் அடியில் படிவது செல்களின் சவ்வு. நாம் தேடி வந்த ஏற்பிகள் அத்தனையும் அந்த வெள்ளைப் படிவில்!

இப்போது எண்ணலாமா? கண்ணுக்குத் தெரியாததை எப்படி எண்ணுவது என்பதில்தான் நான் மயங்கிப்போகிறேன். ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும் வேதிப்பொருளில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கதிரியக்க உறவான டிரிட்டியத்தை வைத்துச் செய்து வாங்குவார்கள். டிரிட்டியம் ஏறிய காபாவைச் சவ்வோடு கலந்தால் அது காபா ஏற்பிகளைத் தேடி ஒட்டிக்கொள்ளும். கலவையைக் கண்ணாடி இழை வடிதாளில் ஊற்றி, உறிஞ்சி, குளிர்ந்த கரைசலால் சட்டென்று கழுவ வேண்டும். தாமதித்தால் ஒட்டியதும் கழன்றுவிடும், அவசரப்பட்டால் ஒட்டாததும் தங்கிவிடும். கைப்பழக்கம் உள்ள ஆராய்ச்சி மாணவர்தான் இங்கே ராஜா. பக்கத்திலேயே இன்னொரு குழாயில், டிரிட்டியம் ஏறாத காபாவை ஏராளமாகக் கொட்டி அதே வேலையைச் செய்வார்கள். அதில் கிடைக்கும் எண்ணிக்கை, ஏற்பியில் அல்லாமல் கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டவற்றின் கணக்கு. அதைக் கழித்தால் மிஞ்சுவது நிஜ ஏற்பி.

வடிதாளை எடுத்து ஒரு சிறு குப்பியில், ஒளிரும் திரவத்தில் போடுகிறார்கள். டிரிட்டியம் சிதையும்போது வெளிவரும் எலக்ட்ரான் அந்தத் திரவத்தில் மோதி ஒரு பொட்டு வெளிச்சத்தைக் கிளப்பும். இயந்திரத்தின் இருட்டறையில் இரண்டு ஒளிக்குழாய்கள் காத்திருக்கும். இரண்டும் ஒரே கணத்தில் பார்த்தால்தான் அந்த மின்னல் கணக்கில் சேரும், ஒன்று மட்டும் பார்த்தால் பொய் என்று தள்ளிவிடும். இரண்டு சாட்சி வேண்டுமாம்! இப்படி நிமிடத்துக்கு எத்தனை மின்னல் என்று எண்ணி, அதிலிருந்து ஏற்பிகளின் கணக்குக்குப் போவார்கள். 1949-இல் ஜார்ஜ் ஸ்காட்சர்ட் போட்ட கோட்டுப்படத்தில் புள்ளிகளை வைத்தால் ஒரு நேர்கோடு விழும். கோடு அச்சை வெட்டும் இடம் ஏற்பிகள் எவ்வளவு என்று சொல்லும். அதன் சாய்வு, அவை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கின்றன என்று சொல்லும்.

விடை வரும் அலகைப் பாருங்கள்: ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இத்தனை ஃபெம்டோமோல். ஒரு ஃபெம்டோமோல் என்றால் சுமார் 60 கோடி மூலக்கூறு! வெறுங்கண்ணுக்குச் சல்லிப் பொடி கூடத் தெரியாத அளவில் அறுபது கோடி. அந்த மில்லிகிராம் புரதத்தை அளக்க ஆலிவர் லௌரி 1951-இல் எழுதிய நீல நிற முறை. அறிவியல் உலகில் இதுவரை அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையே அதுதான், மூன்று லட்சம் தடவைக்கு மேல். இதை எழுதும்போதே எனக்குக் கை துள்ளுகிறது.

சரி, களமசேரியில் என்ன கிடைத்தது? வலிப்பு நோயுள்ள எலியின் ஹிப்போகேம்பஸில் காபா ஏற்பிகள் குறைந்திருந்தன. அமர்த்தும் மடைகள் குறைந்துவிட்டன. அந்த ஏற்பியைக் கட்டும் துண்டுகளில் ஆல்ஃபா 1, ஆல்ஃபா 5, டெல்டா ஆகியவற்றுக்கான மரபணு வெளிப்பாடும் இறங்கியிருந்தது, காமா மட்டும் ஏறியிருந்தது. காபாவைத் தயாரிக்கும் நொதியும் குறைவு. 2008-இல் வந்த கட்டுரையில் குளுட்டமேட் ஏற்பிகளும் என்எம்டிஏ ஆர்1 மரபணு வெளிப்பாடும் குறைந்திருந்தன. 2009-இல் செரோட்டோனின் 2சி ஏற்பி கூடியிருந்தது. எட்டுக் கை கொண்ட புதிர்ப்பாதையில் விட்டால் இந்த எலிகள் வழி தவறின. பிறகு கிலோவுக்கு 300 மில்லிகிராம் நீர்ப்பிரமிச் சாற்றை 15 நாள் வாய்வழியாகக் கொடுத்த எலிகளில் இந்த மாற்றங்கள் சாதாரண எலியின் நிலைக்குப் பக்கத்தில் திரும்பி வந்தன என்று எழுதுகிறார்கள். செடியிலிருந்து பிரித்த பேக்கோசைடு ஏ கொடுத்த எலிகளிலும் அப்படியே. ஒப்பிட, மருத்துவர்கள் எழுதித்தரும் கார்பமசெபைன் கொடுத்த எலிகளும் இருந்தன.

பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நீர்ப்பிரமியின் பெயர் அங்கே புதிதல்ல. நம் வரப்புச் செடி டிரிட்டியமும் ஒளிக்குழாயும் இருக்கும் அறைக்குள் போய்த் தேர்வு எழுதியதில் எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் பெருமையோடு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது எலி. சோதனையில் இருந்தவை சிறு கூட்டங்கள். எல்லா அளவும் ஒன்றுபோல ‘கிட்டத்தட்ட பழைய நிலை’க்குத் திரும்பியது என்று படித்தால், வேறு ஊரில் வேறு கைகள் இதே சோதனையைத் திரும்பச் செய்து காட்ட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தி வரப்புக்கு இறங்கிவிடக் கூடாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதே பெரிய வலிப்பைக் கொண்டுவரும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதுதான் இந்தக் கதையின் ருசியான இடம். ஹிப்போகேம்பஸ் முழுவதையும் அரைத்து எண்ணினால் கிடைப்பது சராசரி. பல வகைச் செல்கள் அதில் கலந்துவிட்டன. ஒரே ஒரு செல்லைத் தனியே எடுத்துப் பார்த்தால்? 1998-இல் அமெரிக்காவில் ஏமி புரூக்ஸ்-கயால் குழு அதைச் செய்தது. பைலோகார்பின் கொடுத்த எலியின் ஹிப்போகேம்பஸில் டென்டேட் கைரஸ் என்ற பகுதியிலிருந்து ஒற்றைச் செல்லை எடுத்து, அதற்குள் இருக்கும் துளியளவு ஆர்என்ஏவைப் பெருக்கி அளந்தார்கள். ஆல்ஃபா 1 இறங்கியிருந்தது, ஆல்ஃபா 4 ஏறியிருந்தது. எண்ணிக்கை மட்டுமல்ல, ஏற்பியின் கட்டுமானமே மாறிவிட்டது! அதுவும் தானாக வலிப்பு வரத் தொடங்குவதற்கு முன்பே, அந்த அமைதியான நாட்களிலேயே மாறிவிட்டது. அதே 1998-இல் நுசர், இஸ்த்வான் மோடி ஆகியோர், காடர்ட் வழியில் மின்சாரம் கொடுத்த எலிகளின் அதே செல்களில் காபா ஏற்பிகள் கூடியிருப்பதைக் காட்டினார்கள். கூடியிருந்தால் அமைதி கூட வேண்டுமே? விடையை மோடியும் கூட்டாளிகளும் 1996-லேயே பிடித்து வைத்திருந்தார்கள்: துத்தநாகம். மாறிய காபா ஏற்பி துத்தநாகம் பட்டால் சுருண்டுவிடுகிறது. வலிப்பால் பாதிக்கப்பட்ட ஹிப்போகேம்பஸில் துத்தநாகத்தைச் சுமக்கும் ‘மாஸி’ நார்கள் போகக் கூடாத இடமெல்லாம் புதிதாகக் கிளைவிட்டு முளைக்கின்றன. அமர்த்த வேண்டிய மடை எத்தனை இருந்தும், தேவையான கணத்தில் அடைத்துக்கொள்கிறது.

இந்தத் துத்தநாகத்தைக் கண்ணால் பார்க்கலாம். டிம் சாயம் போட்டால் அது இருக்கும் இடம் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்புக் கோடுகள் தெற்கே நம் குளியலறை வரைக்கும் வருகின்றன! எண்ணெய் தேய்த்து, வெந்நீரைச் சொம்பு சொம்பாகத் தலையில் விடாமல் ஊற்றும்போது சிலருக்கு வலிப்பு வரும். பெங்களூரு நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணியும் அவருடன் இருந்தவர்களும் 1968-இல் இந்தியாவில் இதை எழுதினார்கள். 1988-இல் நிம்ஹான்ஸின் பி. சதீஷ்சந்திரா குழு 279 பேரின் விவரத்தை வெளியிட்டது. தென்னிந்தியாவில் இந்த அளவுக்குக் காணப்படும் இந்த வலிப்பு, உலகின் பல பகுதிகளில் அபூர்வம். சிலருக்குப் பின்னாளில் வெந்நீரே இல்லாமலும் வலிப்பு வரத் தொடங்கும்.

ஏன்? மறுபடி எலிதான். உல்லால், சதீஷ்சந்திரா குழுவினர் எலிகளின் மேல் வெந்நீரைப் பீய்ச்சி, இடைவெளி விட்டு, திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. ஒவ்வொரு முறையும் குறைந்த உடல் சூட்டிலேயே வலிப்பு வந்தது, சீக்கிரம் வந்தது, நெடுநேரம் நின்றது. முதல் படியில் இருந்த எலி ஐந்தாம் படிக்கு ஏறியது. மூளையை வெட்டி டிம் சாயம் போட்டால், மாஸி நார்கள் கிளைவிட்டிருந்தன! காடர்டின் மின்கம்பி தேவைப்படவில்லை, குளியல் சூடே போதுமாக இருந்தது. இதைப் படித்த அன்று நான் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டில் யாருக்காவது தலைக்கு ஊற்றும்போது பார்வை நிலைகுத்தி, பேச்சு நின்று, கை மறுபடி மறுபடி சொம்புக்கே போனால், அதை எண்ணெய்க் குளியலின் மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீர்ச் சூட்டைக் குறைத்தாலே பலருக்கு நின்றுவிடும்.

ஏற்பிகள் மாற வாரக்கணக்கு ஆகும் என்று நினைத்திருந்தவர்களை 2005 உலுக்கியது. டேவிட் நேலர், க்ளாட் வாஸ்டர்லேன் ஆகியோர் நீண்ட வலிப்பில் இருக்கும் எலியின் செல்லைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே காபா ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டுவிட்டன. கபூர் குழுவும் அதே காலத்தில் இதைக் கண்டது. டயசெபாம், லோரசெபாம், மிடசோலாம் எல்லாம் வேலை செய்வது மேற்பரப்பில் இருக்கும் காபா ஏற்பிகளின் மேல்தான். ஏற்பி உள்ளே போய்விட்டால் மருந்து வந்தும் பிடிக்க இடமில்லை. போதாக்குறைக்குத் தூண்டிவிடும் என்எம்டிஏ ஏற்பிகள் மேற்பரப்புக்கு வருகின்றன.

அதனால்தான் உலக வலிப்பு எதிர்ப்புச் சங்கம் 2015-இல் 5 நிமிடம் என்று கோடு போட்டது. கைகால் வெட்டும் வலிப்பு 5 நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் அவசர சிகிச்சை தொடங்க வேண்டும். காரையாறு காணிக்குடியிருப்பிலோ மாஞ்சோலையிலோ இருப்பவருக்கு இது எவ்வளவு கனமான கோடு என்று யோசித்துப் பாருங்கள். மலையிறங்கி அம்பை அரசு மருத்துவமனை, அங்கிருந்து பாளை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று போகும் வழியெல்லாம் எலியின் செல்லில் பார்த்த அந்த இழுப்பு மனித மூளையிலும் நடக்கலாம். வீட்டிலேயே மூக்கில் அடிக்கிற மிடசோலாம் ஸ்ப்ரே இருக்கிறது. வலிப்பு உள்ளவர் வீட்டில் அது வேண்டுமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்தோ இரும்போ திணிக்க வேண்டாம், வாய்க்குள் எதையும் வைக்க வேண்டாம். முதல் வேலையாக மணியைப் பாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இரும்பைத் தேடி ஓடும் நேரத்தில் அங்கே ஏற்பிகள் உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன.

மாறிப்போன ஏற்பியைத் திருப்பி மாற்ற முடியுமா? 2006-இல் ராவல், புரூக்ஸ்-கயால் குழு செய்த காரியத்தைக் கேளுங்கள், நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்! நீண்ட வலிப்புக்குப் பின் மூளை ஆல்ஃபா 4 துண்டை அதிகமாகத் தயாரிக்கிறது என்று பார்த்தோமே. அந்த ஆல்ஃபா 4-ஐ முடுக்கிவிடும் மரபணு விசையை எடுத்து, அதன் பின்னால் ஆல்ஃபா 1-க்கான குறிப்பைக் கோர்த்து, தீங்கற்ற ஒரு வைரஸில் ஏற்றி எலியின் டென்டேட் கைரஸில் செலுத்தினார்கள். இப்போது மூளை தப்பான துண்டைச் செய்ய விசையை முடுக்கும்போதெல்லாம் நல்ல துண்டும் சேர்ந்தே உற்பத்தியாகும். நோயின் விசையிலேயே மருந்தும் ஓடுகிறது! பைலோகார்பினுக்குப் பிறகான முதல் 4 வாரத்தில், இந்த மாற்றம் பெறாத எலிகள் எல்லாவற்றுக்கும் தானாக வலிப்பு வந்தது. பெற்றவற்றில் 39 சதவீதத்துக்கு மட்டுமே வந்தது. ஏற்பி மாறுவது வலிப்பின் விளைவு மட்டுமல்ல, அடுத்த வலிப்புக்குக் காரணமும்கூட என்பதற்கு நான் படித்தவற்றில் இதைவிட நேரான சாட்சி இல்லை.

உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழலாம். மருந்துக்கு அடங்காத மிச்சப் பேருக்காகத்தான் இந்த எண்ணும் வேலை இத்தனை மும்முரமாக நடக்கிறது.

அவர்கள் மூளையை அரைத்து எண்ண முடியாதே என்று கேட்பீர்கள். அரைக்காமலும் எண்ணலாம்! காபா ஏற்பியில் போய் உட்காரும் ஃப்ளூமசெனில் என்ற மருந்தில் கதிரியக்கக் கார்பன் 11-ஐ வைத்து, ஊசியில் ஏற்றி, பெட் ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்தால், ஏற்பி நிறைந்த இடம் ஒளிரும், குறைந்த இடம் மங்கும். 1988-லேயே சுவீடனில் இவாங்கா சாவிச் குழு, வலிப்பு புறப்படும் இடத்தில் இந்த ஏற்பிகள் குறைந்திருப்பதை உயிரோடு இருக்கும் மனிதர்களில் படம் பிடித்துவிட்டது. ஒரே நிபந்தனை, கார்பன் 11 ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் பாதியாகிவிடும். ஜங்ஷனில் தயாரித்து அம்பைக்கு அனுப்பினால் வண்டி போய்ச் சேர்வதற்குள் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். அதனால் அணுவைச் செய்யும் சைக்ளோட்ரான் ஒரு அறையில், அதை மருந்தில் கோர்க்கும் வேதியியலாளர் அடுத்த அறையில், கையை நீட்டிக்கொண்டு நோயாளி அதற்கடுத்த அறையில்!